அக்காவின் இடது கைக்கு ஒரு மவுஸ்

அக்கா ஓர் ஆடிட்டர் ஆபீசில் கணக்கு பார்க்கிறாள். மாதாமாதம் 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதிக்குள் 3பி என்று ஜிஎஸ்டி படிவங்களைத் தாக்கல் செய்ய, அந்த இடைப்பட்ட நாள் முழுக்க மவுஸில் வைத்த கையை எடுக்க முடியாத வேலை. இந்த மாதம் அது மொத்தத்தையும் நான் 3டி பிரிண்டரில் அடித்துக் கொடுத்த மவுஸிலேயே முடித்திருக்கிறாள், சுண்டுவிரல் பக்கம் வழக்கமாக வரும் வலியும் வரவில்லை. சரி, இனி இதைப் பற்றி எழுதலாம்.

அவளுக்கு இடது கைப் பழக்கம். சாப்பிடும் கையை மட்டும் சின்ன வயதிலேயே வீட்டில் வலதுக்கு மாற்றிவிட்டார்கள், மற்றபடி எழுதுவது, காய் நறுக்குவது, கேரம் ஆடுவது எல்லாம் இடது கைதான். ஆபீசில் கொடுத்த மவுஸ் வலது கைக்காக வளைத்துச் செய்தது. அதை இடது பக்கம் வைத்துக்கொண்டு பல வருடம் ஓட்டியிருக்கிறாள். கட்டைவிரலுக்காகக் குழித்திருக்கும் பள்ளத்தில் மோதிர விரலும் சுண்டுவிரலும் போய் மடங்கிக்கொள்ளும். இடது கைக்கென்றே விற்பவை மிகவும் குறைவு. லாஜிடெக் நிறுவனத்தின் லிஃப்ட் மவுஸில் இடது கை வடிவம் உண்டு, ஆனால் அது 57 டிகிரி சாய்ந்து நிற்பது. ரேசர் நிறுவனத்தின் நாகா மவுஸிலும் இடது கைப் பதிப்பு வந்தது, அதில் கட்டைவிரல் பக்கம் மட்டும் 12 பட்டன். அக்கா கேட்டது சாதாரண மவுஸ், அவள் கை அளவுக்கு.

இணையத்தில் கிடைக்கும் ஒரு வலது கை மவுஸ் ஓட்டின் 3டி ஃபைலை எடுத்து இடவலமாகத் திருப்பிவிட்டால் போதாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். போதாது. ஓட்டைத் திருப்பலாம், உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டைத் திருப்ப முடியாது. பக்கவாட்டு பட்டன்களுக்கான சுவிட்சுகள் போர்டின் இடது ஓரத்திலேயே நிற்கும், இடது கையின் கட்டைவிரலோ வலது பக்கம் வரும். இன்னொரு காரணம் அவள் வேலை செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில் தெரிந்தது. விண்டோஸில் இரண்டு பட்டன்களையும் இடம் மாற்றும் வசதி இருக்கிறது, ஆனால் அந்தக் கம்ப்யூட்டரில் மற்றவர்களும் வந்து உட்காருவார்கள் என்பதால் அவள் அதைத் தொட்டதே இல்லை. இடது கிளிக்கை நடுவிரலால் அழுத்திப் பழகிவிட்டாள். ஆள்காட்டி விரல் ரைட் கிளிக்குக்கும் சக்கரத்துக்கும். "மாத்திக் குடுத்தா எனக்குத்தான்டா குழப்பம், இப்படியே இருக்கட்டும்" என்றாள். ஆக, நாள் முழுக்க உழைக்கப் போவது நடுவிரல். அதை நினைத்துச் செய்த ஆயத்த வடிவம் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

போர்டுக்காக, சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். பழைய சாமான் வைத்திருக்கும் ஒரு கடையில், ஓடு உடைந்த வயர் மவுஸ்கள் ஒரு அட்டைப் பெட்டி நிறையக் கிடந்தன. "போர்டு நல்லா இருக்கு தம்பி, மேலதான் ஒடஞ்சிருக்கு. லேப்டாப்ல குத்திப் பாத்துட்டே எடுத்துக்கோ" என்றார் கடைக்காரர். பார்த்தேன், ஓடியது. திருப்பிப் பார்த்தால் மவுஸின் நகர்வைப் படிக்கும் சென்சார் சிப்பின் மேல் PMW 3360 என்று எழுதியிருந்தது. பிக்ஸ்ஆர்ட் நிறுவனத்தின் சென்சார், கணக்கு வேலைக்குத் தேவைக்கும் மேலேயே. 450 ரூபாய். சென்சார் எது என்று படிக்க முடிகிற போர்டாகப் பார்த்து வாங்குவது முக்கியம், ஏனென்றால் அதன் தரவுத்தாள் (டேட்டாஷீட்) கிடைத்தால்தான் லென்ஸ் மேசையிலிருந்து எவ்வளவு உயரத்தில் உட்கார வேண்டும் என்று தெரியும். 3360க்கு அது 2.4 மி.மீ., அங்கிட்டு இங்கிட்டு 0.2 வரை போகலாம்.

இந்த 2.4தான் மொத்த வேலையின் அஸ்திவாரம். மவுஸ் ஓடு செய்யத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் மேல் வளைவில் ஆரம்பிக்கிறார்கள், அதுதான் கண்ணுக்கும் கைக்கும் சுவையான பகுதி. நான் சொல்வது அதற்கு நேர் எதிர். அடித்தட்டை முதலில் முழுசாக முடித்து, போர்டை அதில் திருகி, ஓடே இல்லாத மொட்டை மவுஸாக மேசையில் ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் மேலே போங்கள். அடித்தட்டில் கால் மில்லிமீட்டர் தவறினால் மேலே எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த மவுஸ் சரியாக ஓடாது.

போர்டின் அளவை எடுக்க வெர்னியர் மட்டும் போதவில்லை. திருகு ஓட்டைகளின் மையத்திலிருந்து மையத்துக்கு அளப்பதில் எப்படியும் 0.2, 0.3 நகர்ந்துவிடுகிறது. அதனால் போர்டை ஸ்கேனரில் கவிழ்த்து வைத்து, கூடவே ஒரு ஸ்டீல் ஸ்கேலையும் வைத்து 600 டிபிஐயில் ஸ்கேன் எடுத்தேன். ஒரு புள்ளி என்பது ஏறத்தாழ 0.04 மி.மீ. அந்தப் படத்தை ஃப்ரீகேட் என்ற வரைபட மென்பொருளில் அடியில் விரித்து, ஸ்கேலை வைத்து அளவைச் சரிசெய்து, ஓட்டைகளையும் விளிம்பையும் அதன் மேலேயே வரைந்தேன். வரைந்ததை நூறு சதவீத அளவில் தாளில் அச்சடித்து, கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒட்டி, ஓட்டைகளைக் குத்தி போர்டோடு சேர்த்து வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பார்த்தேன். இதில் பிளாஸ்டிக் செலவே இல்லை. மேசை மேல் நடக்கும் திருத்தம் எல்லாம் இந்தக் கட்டத்திலேயே நடந்துவிட்டால் பிரிண்டருக்கு வேலை மிச்சம்.

அடுத்தது தடிமன். அடியில் ஒட்டும் டெஃப்லான் பாதங்கள் 0.8 மி.மீ. தடிமன். அவற்றை 0.3 ஆழக் குழியில் உட்கார வைத்தால் 0.5 வெளியே நிற்கும், அப்போது லென்ஸ் உட்காரும் இடத்தில் தட்டு 1.9 இருக்க வேண்டும், மொத்தம் 2.4. காகிதத்தில் கணக்கு சரி. ஆனால் நான் பிரிண்ட் எடுப்பது 0.2 மி.மீ. லேயரில் (அடுக்கில்). 1.9 என்று ஒன்று அதில் வராது, வடிவத்தை லேயர்களாகப் பிரிக்கும் ஸ்லைசர் மென்பொருள் அதை 1.8 அல்லது 2.0 ஆக்கிவிடும். 0.3 ஆழக் குழியும் அப்படித்தான், 0.2 அல்லது 0.4. இப்படி இரண்டு இடத்தில் அது தன் இஷ்டத்துக்குக் கூட்டிக் குறைத்ததில் முதல் தட்டுகளில் மவுஸ் அம்பு, மவுஸுக்கு அடியில் போடும் ஒரு பாயில் ஓடும், இன்னொரு பாயில் நடுங்கும். பிடிபட்ட பிறகு தீர்வு ரொம்ப எளிது: தட்டு 2.0, குழி 0.4, பாதம் 0.4 வெளியே. எல்லாமே லேயரின் மடங்கு. அதன் பிறகு அடித்தட்டில் எந்த உயரத்தையும் 0.2ன் மடங்காகவே வைத்தேன், திருகு தூண்கள் உட்பட.

முழுத் தட்டை ஒவ்வொரு முறையும் அடிக்க வேண்டாம். லென்ஸ் சுற்றி 40க்கு 40 மி.மீ. சதுரம் மட்டும் வெட்டி அடித்தால் அரை மணிக்குள் ஆகிவிடும். முதல் லேயர் பிரிண்டரின் கட்டிலில் (பொருள் உட்காரும் சூட்டுப் பலகை) அழுந்திப் பிதுங்குவதால் லென்ஸ் ஓட்டையின் வாய் குறுகும், அதற்கு ஓட்டையின் அடி விளிம்பில் 0.4 சரிவு கொடுத்தேன். சோதிக்கும் முறை இது: 75 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்று ஏறத்தாழ 0.1 மி.மீ. அதைப் பட்டையாக வெட்டிப் பாதங்களுக்கு அடியில் மட்டும் ஒன்றொன்றாக அடுக்கி, லென்ஸுக்கு நேரே பாய் தெரியும்படி விட்டு, பெயிண்டில் ஸ்கேலை ஒட்டி நேர்கோடு போட்டுப் பாருங்கள். என் தட்டில் இரண்டு தாள் வரை கோடு சுத்தம். அதற்கு மேல் அடுக்க அடுக்க நடுக்கம் வந்தது. அப்படியென்றால் உயரம் நடுவில் இருக்கிறது, போதும்.

திருகுகள் எம்2 (2 மி.மீ. விட்டம்), பிளாஸ்டிக்கில் தானே மரை வெட்டிக்கொண்டு இறங்கும் வகை. தூணில் 1.7 மி.மீ. ஓட்டை விட்டேன். 1.5ல் தூண் பிளந்தது. தூணின் வெளி விட்டம் 5 மி.மீட்டருக்குக் குறையாமல் இருந்தால் நல்லது.

இப்போது கைக்கு வருவோம். அக்காவின் மணிக்கட்டு மடிப்பிலிருந்து நடுவிரல் நுனி வரை 168 மி.மீ., நான்கு விரல் சேர்த்த அகலம் 74. வடிவத்தைத் திரையில் வரைந்து பார்ப்பதை விட களிமண்ணில் பிடிப்பதுதான் சரி என்று முடிவு செய்தேன். பிள்ளையார் சதுர்த்தி சமயம் வாங்கிய களிமண் மீதி இருந்தது, அதில் பிடித்தது காய்ந்ததும் எல்லாப் பக்கமும் சுருங்கிவிட்டது, ஓரங்களில் வெடிப்பும் விட்டது. அளவெடுக்க அது உதவாது. ஸ்டேஷனரி கடையில் பிள்ளைகளுக்கு விற்கும் வண்ணக் களிமண் எண்ணெய்ப் பசை உள்ளது, காயாது, சுருங்காது. பத்துப் பெட்டி வாங்கினேன்.

களிமண்ணை வெறும் மேசையில் பிடிக்கவில்லை. அடித்தட்டின் மேல், போர்டு, சக்கரம், சுவிட்சுகள் எல்லாம் அடைத்துக்கொள்ளும் இடத்தை ஒரே கட்டியாக பிரிண்ட் எடுத்து ஒட்டி, அதன் மேல் களிமண்ணை அப்பினேன். இதனால் களிமண்ணை எவ்வளவு அழுத்தினாலும் போர்டு கொள்ளாத அளவுக்கு வடிவம் மெலியாது. விரல் அந்தக் கட்டியில் முட்டினால் அங்கே இடமில்லை என்று அப்போதே தெரிந்துவிடும். அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை மடிப்பாக்கம் வந்தபோது அதைக் கையில் கொடுத்து, பார்க்காமல் டிவியைப் பார்த்துக்கொண்டே பிடித்திரு என்றேன். பார்த்துக்கொண்டு பிடித்தால் எல்லோரும் விரலை அழகாக வைத்துக்கொள்கிறார்கள். "அக்கா, கைய தளர விடு, அழுத்தாத" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. ஒரு சீரியல் முடியும்போது மோதிர விரலும் சுண்டுவிரலும் இடது பக்கத்தில் தாமாகவே இரண்டு சறுக்கல் போட்டு வைத்திருந்தன, நடுவிரல் மற்றதை விட முன்னால் நீண்டு லேசாகப் பதிந்திருந்தது, கட்டைவிரல் பக்கம் நான் நினைத்ததை விட உயரம். நான் கண்ணளவில் எங்கும் வழவழப்பாக்கவில்லை. அந்தப் பதிவுகள்தான் வேண்டியது.

அதைக் கணினிக்குள் கொண்டுபோக, ஃபோனில் சுற்றிச் சுற்றிப் படமெடுத்து உருவாக்கும் முறையையும் முயன்றேன். ஒரே நிறமாக, பளபளப்பாக இருக்கும் பொருளில் மென்பொருளுக்குப் பிடிமானம் கிடைப்பதில்லை, மேற்பரப்பு மேடும் பள்ளமுமாக வந்தது. மேலே பவுடர் தூவி, பேனாவால் புள்ளி வைத்தால் தேறும். நான் வேறு வழியில் போனேன். களிமண்ணை அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து இறுக வைத்து, 10 மி.மீ.க்கு ஒன்றாக இழுத்துப் பிடித்த நைலான் நரம்பால் அறுத்து, ஒவ்வொரு துண்டையும் கிராஃப் தாளில் வைத்துக் கூரான பென்சிலால் சுற்றி வரைந்தேன். உள்ளே இருக்கும் பிரிண்ட் கட்டி வரை மட்டுமே நரம்பு போகும், அதனால் துண்டுகள் வளையமாக வரும், அதில் ஒரு நன்மை உண்டு: கட்டியின் விளிம்பே எல்லாத் துண்டுகளுக்கும் பொதுவான அடையாளக் கோடு ஆகிவிடுகிறது. அறுக்கும் இடைவெளி சரியாக வர, இரண்டு பக்கமும் பல் வைத்த சீப்பு ஒன்றையும் அடித்துக்கொண்டேன். தாள்களை ஸ்கேன் எடுத்து, பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் வரிசையாக நிறுத்தி, அவற்றின் மேல் தோலை இழுத்து மூடினேன். நீளம் 118, அகலம் 64, உயரமான இடம் 40. கட்டைவிரல் பக்கம் மேடாக, சுண்டுவிரல் பக்கம் சரிவாக, முதுகில் 14 டிகிரி சாய்வு.

இந்தச் சாய்வுதான் உள்ளே தொல்லை கொடுத்தது. போர்டு படுக்கை, ஓடு சாய்வு. ஆள்காட்டி விரல் பட்டன் உயரமான பக்கம் இருப்பதால் அதன் அடியிலிருந்து சுவிட்சின் தலைக்குப் போகும் குச்சி 9 மி.மீ. நீளம் ஆகிவிட்டது, நடுவிரல் பக்கம் 5தான். நீளமான குச்சி நேராக இறங்காது. பட்டனின் ஓரத்தில் அழுத்தினால் குச்சி சாய்ந்து சுவிட்சை உரசும், கிளிக் சில நேரம் வரும், சில நேரம் வராது. சக்கரமும் அப்படித்தான், அது போர்டுக்குச் செங்குத்தாக நிற்க, சாய்ந்த ஓட்டில் ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் எட்டிப் பார்க்கும். முன்பக்கச் சாய்வை மட்டும் 8 டிகிரிக்கு இறக்கினேன், முதுகில் 14 அப்படியே. குச்சியைச் சுற்றி அடித்தட்டிலிருந்து எழும்பும் ஒரு சின்னக் குழாய் வைத்து, 0.25 மி.மீ. இடைவெளி விட்டேன். பிறகு எங்கே அழுத்தினாலும் நேராகவே இறங்கியது. சக்கரத்தின் பிளவில் இரு பக்கமும் 0.8 இடைவெளி, 0.5ல் உரசல் சத்தம் வந்தது.

பட்டன்களை ஓட்டோடு சேர்த்து ஒரே துண்டாக எடுக்கக் கூடாது. தனித் தகடாக எடுத்து, பின்னால் இரண்டு எம்2 திருகில் பிடித்து, நடுவில் 1.2 மி.மீ. தடிமனில் வளையும் கழுத்து விட்டேன். கழுத்தின் தடிமன்தான் கிளிக்கின் கனம். இதை பிஇடிஜி என்ற பிளாஸ்டிக்கில் எடுத்துப் பார்த்தேன், வெயிலைத் தாங்குமே என்று. கிளிக் நமுத்துப்போன அப்பளம் மாதிரி இருந்தது, சுவிட்ச் தட்டுவதற்கு முன்பே தகடு வளைந்து கொடுக்கிறது. பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் விறைப்பு, அதில் கிளிக் துல்லியம். ஆனால் பிஎல்ஏ இடைவிடாத அழுத்தத்தில் இருந்தால் மெல்ல மெல்ல இளகி வளைந்துவிடும், அதனால் குச்சி எப்போதும் சுவிட்சை அழுத்திக்கொண்டே இருக்கும்படி வைக்கக் கூடாது. 0.2 மி.மீ. இடைவெளி விட்டு அடித்து, குச்சியின் நுனியில் கேப்டன் என்ற மெல்லிய டேப்பை ஒவ்வொரு அடுக்காக ஒட்டி, ஆட்டம் போகும் இடத்தில் நிறுத்தினேன். நடுவிரல் பக்கம் இரண்டு அடுக்கு, மறுபக்கம் மூன்று.

சுவிட்சுகளை மாற்றிவிட்டேன். பழைய போர்டில் எத்தனை கிளிக் போயிருக்கும் என்று யாருக்குத் தெரியும். புதிதாகப் போட்டது கைல் நிறுவனத்தின் ஜிஎம் 8.0, எட்டுக் கோடி கிளிக் என்று குறிப்பிட்டு விற்பது. பல மவுஸ்களில் இருக்கும் ஓம்ரான் டி2எஃப் சுவிட்சின் அளவேதான், 12.8க்கு 5.8 மி.மீ., அதனால் அந்த அளவுச் சுவிட்ச் இருந்த போர்டில் உட்காரும். மூன்று காலையும் ஒன்றாக இளக்கினால்தான் பழையது வெளியே வரும். ஒவ்வொரு காலாக நெம்பினால் போர்டின் செம்புப் பட்டை உரிந்துகொண்டு வரும். காலுக்கு மேல் புது சால்டர் ஈயத்தைத் தாராளமாக விட்டு, மூன்றிலும் சூடு ஓடவிட்டு இழுப்பதுதான் பத்திரம்.

பக்கவாட்டு பட்டன்களுக்குத்தான் உண்மையான இடமாற்றம். போர்டின் இடது ஓரத்தில் இருந்த இரண்டு சுவிட்சையும் கழற்றிவிட்டு, அந்தப் புள்ளிகளிலிருந்து மெல்லிய வயர் எடுத்து, பின்பக்கம் வழியாக வலது பக்கம் கொண்டுபோனேன். பேட்டரி இல்லாத வயர் மவுஸ் என்பதால் அங்கே நிறைய இடம் இருந்தது. எந்த இரண்டு கால் வேண்டும் என்பதை மல்டிமீட்டரைப் பீப்பில் வைத்து, அழுத்தும்போது மட்டும் சத்தம் போடும் ஜோடியாகக் கண்டுபிடித்தேன். புதுச் சுவிட்சுகளை, வரிசையாக ஓட்டை போட்ட டாட் போர்டின் ஒரு துண்டில் வைத்தேன். இதில் ஒரு வசதி: டாட் போர்டின் ஓட்டைகள் 2.54 மி.மீ. இடைவெளி, சுவிட்சின் கால்கள் 5.08, அதாவது ஓட்டை விட்டு ஓட்டை நேராக விழுகிறது. கால் மட்டும் கொஞ்சம் தடிமன், ஓட்டையை ஊசி அரத்தால் சற்றே அகலப்படுத்த வேண்டும். அந்தத் துண்டு ஓட்டின் உட்சுவரில் இருக்கும் இரண்டு பள்ளங்களுக்கு நடுவே மேலிருந்து சொருகிக்கொள்ளும், பசை இல்லை. முன் பட்டன் அவளுக்குத் தேவையே இல்லை, இருந்தாலும் வைத்தேன். பிரௌசரில் ஜிஎஸ்டி தளம் திறந்திருக்கும்போது தெரியாமல் முந்தைய பக்கத்துக்குப் போகும் பின் பட்டன் அழுந்தினால் நிரப்பியது எல்லாம் போய்விடும் என்று அவள் பயந்ததால், இரண்டையும் கட்டைவிரல் சாதாரணமாக ஓய்வெடுக்கும் இடத்துக்கு மேலே 6 மி.மீ. தள்ளி வைத்திருக்கிறேன், எட்டி அழுத்தினால்தான் அழுந்தும்.

மேல் ஓட்டினை பிரிண்ட் எடுப்பதில் ஒரே ஒரு விஷயம்தான் பெரியது, எந்தப் பக்கம் நிறுத்துவது. படுக்க வைத்து எடுத்தால் முதுகின் மென்மையான சரிவில் லேயர்கள் வயல் வரப்பாகத் தெரியும், எவ்வளவு தேய்த்தாலும் போகாது. பின்பக்கத்தைக் கீழே வைத்து 60 டிகிரி நிமிர்த்தி எடுத்தேன், உள்பக்கம் முழுக்க சப்போர்ட் (பிறகு பிய்த்து எடுக்கும் தாங்கு பிளாஸ்டிக்) தேவைப்பட்டது, ஆனால் வெளித்தோல் நன்றாக வந்தது. 0.16 லேயர், 1.6 மி.மீ. சுவர், எண்டர் 3 பிரிண்டரில் ஏழு மணி நேரத்துக்கு மேல். நடுவில் கரண்ட் ஒரு நொடி போய் வந்தாலும் போச்சு, அதனால் கம்ப்யூட்டருக்கு வைத்திருந்த யூபிஎஸ்ஸில் பிரிண்டரை மாட்டினேன். மழைக் காலத்தில் சென்னையில் திறந்து வைத்த ஃபிலமென்ட் (பிரிண்டருக்கான பிளாஸ்டிக் இழை) ஈரம் குடித்து நூல் நூலாக இழுக்கும். அதற்கு பிரிண்டர் கட்டிலை 50 டிகிரியில் வைத்து, ரீலை அதன் மேல் படுக்க வைத்து, ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியால் மூடி ஆறேழு மணி நேரம் விட்டால் போதும், தனி டிரையர் வாங்கவில்லை.

தேய்ப்பதற்கு 220, 400, 800 உப்புத்தாள், மூன்றும் தண்ணீர் விட்டு. பிஎல்ஏவை உலர்ந்தபடி தேய்த்தால் சூடேறி மெழுகி உப்புத்தாளை அடைத்துவிடும். புதுப்பேட்டையில் கார் பெயின்ட் விற்கும் கடையில் ஒரு பிரைமர் ஸ்ப்ரேயும் சின்ன டப்பா பட்டியும் வாங்கினேன். கடைக்காரரிடம் பிளாஸ்டிக் துண்டைக் காட்டியதும், "பட்டிய மொத்தமா வெக்காதீங்க சார், தோசக்கல்லுல எண்ண தடவுற கணக்கா வெச்சு, காஞ்சப்புறம் தேச்சு, திரும்ப வைங்க" என்றார். அவர் சொன்னபடியே மூன்று பூச்சு. மேலே பளபளப்பில்லாத கறுப்பு. ரப்பர் மாதிரி மென்மையாக இருக்கும் பூச்சை வேண்டாம் என்று ஒதுக்கினேன், நம் ஊர் வியர்வைக்கும் ஈரக் காற்றுக்கும் அது சில வருடத்தில் பிசுபிசுத்துவிடும், பழைய மவுஸ்களில் பார்த்திருப்பீர்கள். கட்டைவிரல் பக்கத்தையும் சுண்டுவிரல் பக்கத்தையும் மட்டும் தேய்க்கவே இல்லை. அங்கே ஸ்லைசரில் சொரசொரப்புத் தோல் வசதியை ஒரு தனிக் கட்டத்துக்குள் மட்டும் வேலை செய்யும்படி வைத்து, 0.15 மி.மீ. அளவில் எடுத்தேன். கை வியர்த்தாலும் நழுவுவதில்லை.

முதல் தடவை முழுசாகப் பூட்டி அக்கா கையில் கொடுத்தபோது எதுவும் சொல்லாமல் ஒரு எக்செல் ஷீட்டைத் திறந்து வேலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "டேய், சுண்டுவிரல் மேசைல இடிக்குது" என்றாள். பார்த்தால், களிமண்ணில் அவள் விரல் டிவி பார்க்கும்போது சோபாக் கையில் தொங்கியிருந்தது, மேசையில் அது கீழே வந்து பாயில் உரசுகிறது. இடது ஓரத்தின் அடியில் 4 மி.மீ. வெளியே நீளும் ஒரு விளிம்பு கொடுத்து, விரல் அதன் மேல் படுத்துக்கொள்ளும்படி மாற்றினேன். அடித்தட்டும் போர்டும் அப்படியே இருக்க, மேல் ஓடு மட்டும் மறுபடி பிரிண்டானது. இரண்டையும் தனித்தனியாக வைத்ததன் பலன் இங்கேதான் கிடைத்தது. களிமண் பிடிக்கச் சொல்லும்போது அவர்கள் வேலை செய்யும் அதே உயர மேசையில் உட்கார வையுங்கள்.

செலவைச் சொல்கிறேன். போர்டு 450. நான்கு சுவிட்ச் சேர்த்து 420. டெஃப்லான் பாதம் 250. களிமண் 200. உப்புத்தாள், பட்டி, பிரைமர், பெயின்ட் எல்லாம் 780, அதில் பாதிக்கு மேல் டப்பாவில் மீதி இருக்கிறது. திருகு ஒரு பாக்கெட் 90. இறுதி மவுஸில் போன பிஎல்ஏ 50 கிராமுக்கும் கீழே, ஆனால் சோதனைத் துண்டுகள் எல்லாம் சேர்த்தால் கிலோ 900 ரூபாய் ரீலில் பாதி காலி. எப்படிப் பார்த்தாலும் 2,650 ரூபாய்க்குப் பக்கம். ஒரு பிரிண்டிங் சர்வீஸில் நைலான் பவுடர் முறையில் மேல் ஓட்டினையும் அடித்தட்டையும் எடுத்துத் தர 2,800 கேட்டார்கள். வடிவம் முடிவாகிவிட்டதால் அடுத்ததை அதில் எடுப்பேன், தேய்க்கிற வேலை குறையும், வெயிலுக்கும் பயமில்லை. இப்போது இருப்பது பிஎல்ஏ, 60 டிகிரி வாக்கில் இளகும். ஸ்கூட்டி டிக்கியில் போட்டு வெயிலில் நிறுத்தாதே என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன், அவளும் கைப்பையில்தான் வைத்துக்கொள்கிறாள். கேபிள் இல்லாமல் எடை 84 கிராம்.

அடுத்ததில் மாற்றப் போவது இன்னும் சில உண்டு. ஆள்காட்டி விரல் பக்கக் குச்சியைக் குழாய்க்குள் விடுவதற்குப் பதில், அந்தச் சுவிட்சையே டாட் போர்டில் தூக்கி வைத்துவிட்டால் குச்சி குட்டையாகிவிடும், இரண்டு கிளிக்கும் ஒரே மாதிரி இருக்கும். இப்போது காதுக்கே வித்தியாசம் தெரிகிறது. கேபிள் வெளியே வரும் வாயையும் மாற்ற வேண்டும். இப்போது நேராக முன்னால் வருகிறது. இடது கை மவுஸுக்கு வலது பக்கம்தான் கீபோர்டு இருக்கும், கேபிள் அதன் முனையில் போய் மாட்டிக்கொண்டு மவுஸை இழுக்கிறது. வாயை 20 டிகிரி இடது பக்கம் திருப்பி, உள்ளே கேபிளுக்கு எஸ் வடிவப் பள்ளம் வைத்து ஒரு அடித்தட்டு வரைந்து வைத்திருக்கிறேன், ஓட்டில் அதற்காக மாறுவது முன் விளிம்பு மட்டும்தான்.